ஸ்கூட்டர் இன்ஜினில் புதுச் சத்தமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வேளச்சேரிப் பக்கம் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் முதல் வார்த்தை "அண்ணே, ஒரு சத்தம் வருது" என்பதுதான். அவர்கள் முகத்தில் இருக்கும் பயம் எனக்குப் புரியும். வேலைக்குப் போவதும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அந்த ஒரு வண்டியை நம்பித்தான். இன்ஜின் போனால் அந்த மாதச் செலவே தடுமாறிவிடும். அதனால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ், பெப் பிளஸ் மாதிரி கியர் இல்லாத ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் ஸ்கூட்டர்களுக்குத்தான் இது பொருந்தும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சத்தம் வருகிறது. முதலில் என்ன செய்வது?

ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். அப்புறம் ஆயில் பாருங்கள். வேறு எதையும் யோசிப்பதற்கு முன்னால் ஆயில்.

இந்த இன்ஜின்களில் மொத்தமே முக்கால் லிட்டர் சுற்றுவட்டாரத்தில்தான் ஆயில் இருக்கும். அதில் 250 மி.லி. குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். காரில் ஆயில் பிரஷர் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். நம் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றில் அப்படி ஒரு விளக்கே கிடையாது. சத்தம்தான் எச்சரிக்கை. அது கேட்கும்போது பல நேரம் தாமதமாகியிருக்கும்.

பார்க்கும் முறை: சமமான தரையில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடிய இன்ஜினை அணைத்துவிட்டு, ஆயில் கீழே இறங்க இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். மூடியோடு இருக்கும் குச்சியைக் கழற்றித் துடைத்து, திரும்ப உள்ளே வைத்து எடுங்கள். ஆக்டிவா போன்ற பல வண்டிகளில் அளக்கும்போது மூடியைத் திருகக் கூடாது, சும்மா உட்கார வைத்தால் போதும். திருகிவிட்டால் குச்சி ஆழமாக இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று கையேட்டில் ஒரு வரி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

குச்சியில் ஆயிலே ஒட்டவில்லை என்றால், "பட்டறை பக்கத்தில்தான், மெதுவாகப் போய்விடலாம்" என்று கிளம்பாதீர்கள். பங்க்கிலோ ஸ்பேர்ஸ் கடையிலோ ஆயில் வாங்கி ஊற்றி, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் கேளுங்கள். சத்தம் போய்விட்டால் மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிவந்து, ஆயில் எங்கே போனது என்று பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் தள்ளிக்கொண்டோ, குட்டியானையில் ஏற்றியோதான் வர வேண்டும்.

எந்தச் சத்தம் வந்தால் வண்டியை ஓட்டவே கூடாது?

அடிவயிற்றிலிருந்து வருவது போல் கனமான "டொக் டொக் டொக்". ஆக்சிலேட்டர் கொடுத்தால் வேகமாகிறது, மேம்பாலம் ஏறும்போது இன்னும் பலமாகிறது, இன்ஜின் சூடாகச் சூடாகக் கூடுகிறது. இதைத்தான் பட்டறையில் ராடு சத்தம் என்போம். பிஸ்டனையும், அதன் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உள்ள பேரிங் தேய்ந்து ஆட்டம் விட்டிருக்கும். இந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் ராடு முறிந்து இன்ஜின் கேஸையே உடைக்கலாம். ஓடும்போது இன்ஜின் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் இழுத்து நின்றால் நீங்களும் விழுவீர்கள். நான் பயப்படுவது இரும்பை விட அதற்குத்தான்.

இரும்பும் இரும்பும் உரசும் "கர கர", சத்தத்தோடு இழுவையும் குறைவது, சத்தத்தோடு கருகல் வாசனை. இவை மூன்றுக்கும் அதே பதில்தான். நிறுத்துங்கள்.

சத்தம் இன்ஜினிலிருந்துதான் வருகிறதா என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

பெருமளவு முடியும். "எப்படிக் கேட்கிறது" என்பதை விட "எப்போது கேட்கிறது" என்று கவனிப்பதுதான் இதில் முக்கியம். ஒரே சத்தத்தை ஒருவர் டக டக என்பார், இன்னொருவர் கட கட என்பார். ஆனால் எப்போது வருகிறது என்பதில் இருவரும் தப்பு செய்ய மாட்டார்கள்.

வண்டியின் அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் கிக்கர் இருக்கும் இடது பக்கம் நீளமான மூடிக்குள் பெல்ட், முன்னால் ரோலர் வைத்த புல்லி, பின்னால் கிளட்ச். வலது பக்கம் காற்றாடி, மின்சாரம் தயாரிக்கும் மேக்னெட், சைலன்சர். நடுவில் ஏறக்குறையப் படுத்த மாதிரி இருப்பதுதான் உண்மையான இன்ஜின்: ஹெட் (வால்வுகள் இருக்கும் பகுதி), பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), கிராங்க். ஆக, "இன்ஜின் சத்தம்" என்று வருகிற வண்டியில் சத்தம் போடுவது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

முதல் சோதனை. வண்டியை நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓட விடுங்கள். சத்தம் இருக்கிறதா? இருந்தால் இன்ஜின், காற்றாடி, முன்புல்லி ஆகியவற்றில் ஒன்று. ஐடிலில் கூட பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், அதனால் பெல்ட் பக்கத்தை இன்னும் விலக்கிவிட முடியாது.

இரண்டாவது, இன்ஜினை அணைத்து, ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உரசலோ கர கரப்போ கேட்டால் சக்கர பேரிங், பின் கியர்பாக்ஸ் அல்லது பிரேக் ஷூ. முன்சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இன்ஜின் என்று நினைத்து வந்த வண்டியில் முன்சக்கர பேரிங் மாற்றி அனுப்பியது எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது.

மூன்றாவது, யாரும் இல்லாத நேரான சாலையில் 40-ல் போகும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் விடுங்கள். சத்தம் உடனே மாறினால் அது இன்ஜின் சுமையோடு சம்பந்தப்பட்டது. மாறாமல், வண்டி வேகம் குறையக் குறைய மெல்லக் குறைந்தால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று.

இதற்கு மேல் பட்டறை வேலை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஹெட் மேல், பிளாக் மேல், கிராங்க் கேஸ் மேல் என்று ஒவ்வொரு இடமாக வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்போம். சத்தம் பிறக்கும் இடத்தில் அது மண்டைக்குள் அடிக்கிற மாதிரி கேட்கும். வீட்டில் செய்தால் காற்றாடிப் பக்கம் போகாதீர்கள், துப்பட்டாவும் தலைமுடியும் தள்ளியே இருக்கட்டும். அதிலும் தெளிவாகவில்லை என்றால் இடது மூடியைக் கழற்றி, பெல்ட்டை எடுத்துவிட்டு, செல்ஃபில் சில விநாடி மட்டும் ஓட விட்டுப் பார்ப்போம். சத்தம் நின்றுவிட்டால் பெல்ட் பக்கம், தொடர்ந்தால் இன்ஜின். இதை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம். புல்லி நட்டைச் சரியாக இறுக்காமல் ஓட விட்டால் அதுவே பெரிய செலவாகும்.

லேசாக "டிக் டிக்" என்று ஒரே சீராக வருகிறது. டாப்பெட்டா?

பெரும்பாலும் ஆமாம். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி மெல்லிய சத்தம். வால்வைத் திறக்கும் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். இந்த இடைவெளியைத்தான் டாப்பெட் என்போம், அது கூடினால் தட்டும். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து, இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது அளந்து சரிசெய்ய வேண்டும். சூட்டோடு, காதால் கேட்டு மட்டும் டைட் வைப்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டாப்பெட் சத்தமே இல்லாமல் இருப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இடைவெளி இல்லாமல் டைட்டாக இருந்தால் சத்தம் வராதுதான். ஆனால் வால்வு முழுவதும் மூடாது. சூடான புகை அந்த இடுக்கில் சீறிச் சீறி எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் எரிந்துபோகும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், இழுவை போய்விடும். மெலிதாகத் தட்டும் டாப்பெட்டை விட ஊமையாகிவிட்ட டாப்பெட்டைப் பார்த்துத்தான் நான் கவலைப்படுவேன்.

டாப்பெட் வைத்தும் சத்தம் போகவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது சைலன்சர் ஹெட்டோடு சேரும் இடம். அங்கே ஒரு சின்ன வளையம் மாதிரி கேஸ்கெட் இருக்கும். அது நைந்துபோனாலோ நட்டு தளர்ந்தாலோ புகை "டப் டப்" என்று வெளியே அடிக்கும், டாப்பெட் மாதிரியே கேட்கும். அந்த இடத்தில் கரி படிந்திருப்பதுதான் அடையாளம்.

இந்தக் கேஸ்கெட்டை நான் மறக்கவே முடியாது. தொழில் கற்றுக்கொண்டிருந்த நாளில், நான் இருந்த பட்டறையில் ஒரு அக்காவின் வண்டிக்கு ஹெட்டைப் பிரித்து, டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் செயின்), டென்ஷனர் (அந்தச் செயினைத் தளராமல் பிடிப்பது), ராக்கர் எல்லாம் மாற்றினோம். மாட்டி ஸ்டார்ட் செய்தால் அதே சத்தம். கடைசியில் பார்த்தால் அந்த வளையம்தான். அக்கா முழுப் பணமும் கட்டிவிட்டுத்தான் போனார். தவணை கட்டி வாங்கிய வண்டி அது. பிரிப்பதற்கு முன் வெளியே இருப்பதையெல்லாம் பார்த்து முடிப்பது என்ற பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சத்தம், சூடானதும் போய்விடுகிறது. விட்டுவிடலாமா?

முதல் சில விநாடி மட்டும் "சல சல" என்று வந்து நின்றால், ஆயில் மேலே ஏறும் வரை டைமிங் செயினோ டாப்பெட்டோ தட்டுகிறது. ஆயில் அளவையும் அது மாற்றப்பட்ட தேதியையும் பாருங்கள். ஆக்சிலேட்டரை விடும்போதும் அதே சல சலப்பு வந்தால் டைமிங் செயின் டென்ஷனர் வலுவிழந்திருக்கிறது. டென்ஷனர் சின்னப் பொருள், சீக்கிரம் மாற்றினால் சின்னச் செலவு. செயின் ரொம்பத் தளர்ந்து பல் தாண்டிவிட்டால் வால்வு நேரம் மாறி வண்டி நின்றுவிடும்.

ஓரிரு நிமிடம் "டக டக" என்று அடித்து, சூடானதும் குறைந்தால் பிஸ்டன் போரில், அதாவது அது ஓடும் சிலிண்டர் துளையில், ஆடுகிறது. பிஸ்டன் அலுமினியம், சூட்டில் விரிந்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளும், அதனால் சத்தம் குறைகிறது. புகை இல்லை, ஆயில் குறையவில்லை என்றால் இதோடு பல மாதம் ஓட்டலாம். ஆயிலை மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள். சைலன்சரில் நீல நிறப் புகை வர ஆரம்பித்தால் பிஸ்டன், ரிங் வேலைக்கு நேரம் வந்துவிட்டது.

ஆறியபோது வந்து சூட்டில் போகும் சத்தம் பெரும்பாலும் அவகாசம் கொடுக்கும். சூடாகச் சூடாகக் கூடுகிற சத்தம் கொடுக்காது. சூட்டில் ஆயில் நீர்த்துப்போய், தேய்ந்த பேரிங் தன் ஆட்டத்தைக் காட்டுகிறது.

சிக்னலில் நிற்கும்போது "கட கட", கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் நின்றுவிடுகிறது. ஏன்?

ரோலர். முன்புல்லிக்குள் இருக்கும் ரோலர்கள் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும், அல்லது அவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கைடு தேய்ந்து தகடு ஆடும். சுழற்சி கூடினால் ரோலர்கள் வெளியே தள்ளப்பட்டு அழுத்தி நின்றுவிடும், அதனால்தான் சத்தம் அடங்குகிறது. இன்ஜினைத் தொட வேண்டியதே இல்லை. இடது மூடியைக் கழற்றும்போதே பெல்ட்டின் பற்களுக்கு அடியில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது மட்டும் "கீச்" என்று கத்துகிறது, வண்டி உதறவும் செய்கிறது.

கிளட்ச் ஷூ பளபளவென்று மெருகேறி, அதைச் சுற்றியிருக்கும் கிண்ணம் மாதிரியான அவுட்டரில் தூசி படிந்திருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து, ஷூவை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகும். பயப்பட ஒன்றுமில்லை.

வேகம் கூடக் கூட "உய்ங்" என்று விமானம் மாதிரி வருகிறது.

பின் கியர்பாக்ஸ் அல்லது பேரிங். கியர்பாக்ஸுக்கு இன்ஜின் ஆயில் போகாது, தனியாகக் கியர் ஆயில் உண்டு, சின்ன டம்ளர் அளவுதான். இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள் கூட இதை வருடக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். நினைவு வரவில்லை என்றால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். நின்றபடி ரேஸ் செய்தாலும், பெல்ட்டை எடுத்துவிட்ட பிறகும் அதே ஊளைச் சத்தம் வந்தால் அது கிராங்க் பேரிங், பெரிய வேலை.

செல்ஃப் பட்டனை அழுத்தும்போது மட்டும் "கர்ர்ர்".

ஸ்டார்ட்டர் கியர் சரியாகக் கோர்க்கவில்லை, அல்லது பேட்டரி பலமில்லை. முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். 2020-ல் வந்த ஆக்டிவா 6ஜி போன்ற வண்டிகளில் ஸ்டார்ட்டருக்குத் தனிக் கியரே இல்லை, சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆகும். அவற்றில் இப்படிக் கேட்டால் வேறு காரணம் தேட வேண்டும்.

மழைத் தண்ணீரில் ஓட்டிய பிறகு சத்தம் வருகிறது.

தண்ணீர் எந்த உயரம் என்பதுதான் கேள்வி. சக்கரத்தின் பாதி வரை என்றால் பெல்ட் பக்கம் நனைந்து வழுக்கி "கீச்" என்று கத்தும், காய்ந்தால் போய்விடும். மூடியைக் கழற்றித் துடைத்துவிட்டால் நல்லது, உள்ளே பேரிங் துருப்பிடிக்காது.

வண்டி மூழ்கியிருந்தால் தயவு செய்து செல்ஃப் அடிக்காதீர்கள். கிக்கரும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எங்கள் பகுதியில் வரிசையாக வண்டிகள் வந்தன. "ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரே ஒரு தடவை அடிச்சுப் பார்த்தேன்" என்றவர்களின் வண்டிகளுக்குத்தான் செலவு அதிகம். காற்றை பிஸ்டன் அழுத்த முடியும், தண்ணீரை அழுத்த முடியாது. ராடு வளைந்துவிடும். வளைந்த ராடோடு வண்டி ஓடும்கூட, ஆனால் சத்தத்தோடு ஓடி, சில நாளில் போரைக் கீறிவிடும். தண்ணீர் வடிந்ததும் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, இரண்டு ஆயிலையும் வடித்து மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வடித்த ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு இன்னொருமுறை மாற்றுங்கள்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்கிறார்களே?

குறையும். நோய் அப்படியே இருக்கும். கெட்டி ஆயில் தேய்ந்த இடைவெளியில் மெத்தை போட்ட மாதிரி நின்று சத்தத்தை அமுக்கும், காலையில் மேலே ஏற அதிக நேரம் எடுத்து, ஹெட்டைக் காய விடும். இன்றைய ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு 10டபிள்யூ-30 (இது கெட்டித்தன்மை), ஜாசோ எம்பி (இது ஜப்பானியத் தரக் குறியீடு) என்று போட்ட ஆயிலைத்தான் சொல்லியிருப்பார்கள். டப்பாவில் எம்ஏ என்று போட்டிருந்தால் அது கிளட்ச் ஆயிலில் நனையும் பைக்குகளுக்கானது. அவசரத்துக்கு ஸ்கூட்டரில் ஊற்றினால் கெடுதல் இல்லை. எம்பி ஆயிலைப் பைக்கில் ஊற்றினால்தான் கிளட்ச் வழுக்கும்.

சர்வீஸ் விட்டு எடுத்ததும் புதுச் சத்தம். என்ன ஆகியிருக்கும்?

திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்கள், கூச்சப்படாதீர்கள். காற்றாடி மூடியின் ஸ்க்ரூ, சைலன்சர் போல்ட், சென்டர் ஸ்டாண்டு ஸ்பிரிங், சீட்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஆகியவற்றில் ஒன்று சரியாக மாட்டப்பட்டிருக்காது. பாதி கேஸ்கள் அவ்வளவுதான். காற்றாடி மூடி உடைந்திருந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். அந்த மூடி வழியாகத்தான் காற்று இன்ஜினைக் குளிர்விக்கிறது.

மெக்கானிக் "இன்ஜினைப் பிரிக்கணும்" என்கிறார். நம்புவதா?

நம்பலாம், நான்கு விஷயம் கேட்ட பிறகு. ஆயில் பார்த்தாச்சா, சைலன்சர் கேஸ்கெட் பார்த்தாச்சா, பெல்ட்டை எடுத்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தாச்சா, வடித்த ஆயிலில் தூள் இருந்ததா. தூளைப் பற்றிக் கேட்பது முக்கியம். ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் பார்த்தால் மினுமினுப்பு தெரியும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, பேரிங்கோ கியரோ செயினோ. ஒட்டாமல் மினுமினுத்தால் அலுமினியம், பிஸ்டனாக இருக்கலாம். இதற்கெல்லாம் பதில் சொல்லும் மெக்கானிக் நல்ல மெக்கானிக், அவரிடம் பிரிக்கக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காலையில் மட்டும் வரும் சத்தம் பட்டறைக்கு வருவதற்குள் மறைந்துவிடும். அதனால் ராத்திரியே வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் வீட்டில் முதல் ஸ்டார்ட்டை மொபைலில் வீடியோ எடுத்து வாருங்கள். இடது, வலது, முன்னால் என்று மூன்று பக்கமும் ஒரே தூரத்தில் பிடியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது சத்தத்தை எப்படிச் சோதிப்பது?

போனதும் சைலன்சருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். வேறொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆறிய இன்ஜினை உங்கள் கையால் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஆயில் குச்சியைத் தொட்டுப் பாருங்கள், தேன் மாதிரி கெட்டியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ராடு போய்விட்டது என்று உறுதியாகிவிட்டது. முழு கிராங்க் மாற்றுவதா, ராடு மட்டும் போட்டால் போதுமா?

இந்த கிராங்க்குகள் அழுத்திப் பொருத்தப்பட்டவை. லேத்தில் பிரஸ் வைத்துப் பிரித்து, புது ராடு கிட் போட்டு, திரும்ப அழுத்தி, இரண்டு பக்கமும் நேர்க்கோட்டில் ஓடுகிறதா என்று டயல் கேஜ் என்ற அளவுக் கருவி வைத்துப் பார்ப்பார்கள். கை பழகிய லேத்காரர் செய்தால் நன்றாக ஓடும், செலவும் குறைவு. கேஜ் வைத்துப் பார்க்காமல் கண்ணளவில் செட் செய்பவர் என்றால் முழு கிராங்க்கே வாங்கிவிடுங்கள். கோணலாக உட்கார்ந்த கிராங்க் கொஞ்ச நாளில் பேரிங்கையும் தின்றுவிடும். எப்படிச் செய்தாலும் கிராங்க் பேரிங் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஆயில் பம்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், சல்லடையைக் கழுவச் சொல்லுங்கள். வண்டி கைக்கு வந்ததும் முதல் 500 கி.மீ. 40-க்கு மேல் போகாமல், இரண்டு பேர் ஏறாமல் ஓட்டி, அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். வடிக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்று அந்த வெள்ளைத் தட்டைப் பாருங்கள்.